வெட்கவாரியாக அடுக்கிய புத்தகங்கள்

2015 பிப்ரவரி 21, சனிக்கிழமை. காலை 5.20க்கு எழுந்தேன். பால் இரண்டு பாக்கெட். குழாயில் தண்ணீர் 5.45க்கு வந்து 6.30க்கு நின்றது, டிரம்மும் மூன்று வாளிகளும் நிரம்பின. எட்டே முக்காலுக்குச் செம்பூரில் ரயில் ஏறினேன், கடைசி வரை நின்றுகொண்டே பயணம். அரை நாள் ஆபீஸ். இரண்டு கடிதங்கள் டைப் செய்தேன். ஒன்றில் தேதி தவறு, திருத்தினேன். 2.35க்கு வீடு. மோர்சாதம், மாவடு. அரை மணி நேரத் தூக்கம். 5.40க்கு மகளின் கல்யாணப் பத்திரிகை புரூஃபை வாங்கக் கீழே நூலகத்துக்குப் போனேன்.

அன்றைய டைரிப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. மீதிப் பாதிப் பக்கம் காலி. நான் கல்லூரியில் சேர்ந்த வருடத்திலிருந்து டைரி எழுதுகிறவன், பக்கத்தைக் காலியாக விட்டதில்லை. அந்த இடத்தில் எழுதியிருக்க வேண்டியது நூலகத்து மாமியைப் பற்றி. கட்டடம் இடித்துக் கட்டுவதற்காக எல்லோரும் காலி செய்தபோது மாமி கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது அங்கே இருபத்திரண்டு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. நூலகம் இருந்த இடத்தில் காரை நிறுத்தப் போகிறார்களாம்.

மாமி பாலக்காட்டுக் குடும்பம். பிறந்து வளர்ந்தது மும்பையில் வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவில், வாழ்க்கைப்பட்டு வந்தது செம்பூருக்கு. நான் பார்த்த நாளில் அறுபத்தைந்து வயதிருக்கும். அவருக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியாது. கணவருக்கு முப்பது வருடம் காது மந்தம். அவர் காலமான பிறகும் மாமியின் குரல் அவருக்காகவே பேசிக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடியில் நின்று "கீரை கிடைச்சுதா?" என்று கேட்டால் எதிர்க் கட்டடத்தில் குடியிருந்த குஜராத்திக்காரர் "நஹி மிலா" என்று, அதாவது கிடைக்கவில்லை என்று, பதில் சொல்லுவார். அவருக்குத் தமிழ் தெரியாது. கேள்வி தினமும் அதே நேரத்தில் வருவதால் பழகிவிட்டது.

குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் ஆபீசில், பின்பாதியில் நான்கு இரும்பு அலமாரிகள், அறுநூற்றுச் சொச்சம் தமிழ்ப் புத்தகங்கள். இதுதான் நூலகம். புதன், சனி மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை. மாமி சம்பளமில்லாத நூலகர். முதலில் புத்தகங்களைக் கொடுத்தவர் பெயர்ப்படி அடுக்கி வைத்திருந்தார்கள். மாமி அதைக் கலைத்து எழுத்தாளர் பெயர்ப்படி அடுக்கினார். யாரும் எழுத்தாளர் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை. "போன தடவை ஒண்ணு குடுத்தீங்களே, அதுல ஒருத்தி அழுவாளே, அந்த மாதிரி" என்றுதான் கேட்டார்கள்.

அதனால் மாமி மூன்று வருடம் உட்கார்ந்து எல்லாப் புத்தகங்களையும் படித்தார். படித்து முடித்ததும் என்னிடம் சொன்னது:

"எல்லாக் கதையும் ஒண்ணுதான், கேட்டேளா. யாரோ ஒருத்தர் எதையோ சொல்ல வெட்கப்பட்டுண்டு மறைக்கறா. பாதிப் புஸ்தகத்துல அது வெளியில வரது. மீதிப் பாதியில அழறா, இல்லைன்னா செத்துப்போறா. என்ன வெட்கம்கிறதுதான் ஆளுக்கு ஆள் மாறறது."

அதற்கடுத்த வாரம் அலமாரிகளை வெட்கவாரியாக அடுக்கிவிட்டார். மருந்துக் கடை பிளாஸ்டரை வெட்டி ஒட்டி, அதன்மேல் மார்க்கரால் தலைப்பு எழுதினார். ஏழ்மை. உடம்பு. சாதி. வேலை. கல்யாணம். பிள்ளைகள். இங்கிலீஷ். விலாசம். பக்திப் புத்தகங்களுக்கு 'சாமியிடம் மட்டும் சொன்னது' என்று தனித் தட்டு. பயண நூல்களுக்கு 'வீட்டில் இருக்க முடியாதவர்கள்'. சமையல் புத்தகங்களை மட்டும் அலமாரிக்கு மேலே தலைப்பு இல்லாமல் வைத்தார். அவற்றுக்கு வெட்கம் எதுவும் இல்லை என்றார்.

யாராவது உள்ளே வந்தால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, கம்பவுண்டர் கேட்கிற மாதிரி கேட்பார்: "உங்களுக்கு இப்போ என்ன வெட்கம்?"

முதல் மாதம் பாதிப்பேர் படியிறங்கிப் போய்விட்டார்கள். ஏ கட்டடத்து ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் மட்டும் நின்று யோசித்து, "சொட்டை" என்றார். மாமி 'உடம்பு' தட்டிலிருந்து மூன்று நாவல்களை எடுத்துக் கொடுத்து, "முதல் ரெண்டுல சொட்டை கிடையாது, ஆனா அம்மைத் தழும்பு இருக்கு. அதுவும் உங்களுக்கு ஆகும்" என்றார். போஸ்ட் மாஸ்டர் பத்து நாளில் மூன்றையும் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்து, அடுத்த மூன்று கேட்டார். அதற்குப் பிறகு கூட்டம் சேர்ந்தது.

என் மகள் ஒரு நாள் போனாள். இங்கே பிறந்து இங்கிலீஷில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மாமி கேட்டதற்கு, "தமிழ் படிக்க வராதது, ஆன்ட்டி" என்றிருக்கிறாள். மாமி எழுந்து நான்கு அலமாரியையும் மேலிருந்து கீழ்வரை தேடினார். பிறகு, "இங்கிலீஷ் தெரியாத வெட்கத்துக்கு முப்பத்தேழு புஸ்தகம் இருக்குடீ. தமிழ் தெரியாத வெட்கத்துக்கு யாரும் எழுதலை. எழுதினாலும் உன்னால படிக்க முடியாது" என்று சொல்லி, சமையல் புத்தகம் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் கார்டு ஒட்டி, எடுத்தவர் பெயரும் வீட்டு எண்ணும் எழுதும் பழைய முறையை மாமி மாற்றவில்லை. இதனால் எந்த வெட்கத்தை யார் எடுத்துப்போனார் என்பது அடுத்து எடுப்பவருக்குத் தெரிந்துவிடும். சொசைட்டி செக்ரட்டரி 'உடம்பு' தட்டிலிருந்து ஒரு தடித்த நாவல் எடுத்துப்போனார். ஒரு வாரத்துக்குள் மூன்று பெண்கள் அவர் மனைவியிடம், "ஆபரேஷன் எப்போ?" என்று விசாரித்தார்கள்.

பொதுக்குழுவில் செக்ரட்டரி இதை அஜெண்டாவில் ஏழாவதாக வைத்தார். நான் அந்த வருடம் கூட்டக் குறிப்பு எழுதுபவன், அதனால் நடந்தது அப்படியே என்னிடம் இருக்கிறது.

"அந்தத் தலைப்பையெல்லாம் எடுத்தாகணும்" என்றார் செக்ரட்டரி. "ஆளுங்க தப்பா நினைக்கறாங்க."

"என்ன தப்பா?" என்று கேட்டார் மாமி.

"உடம்புல ஏதோ இருக்குன்னு."

"இல்லையா?"

"இல்லை!"

"பின்னே அந்தப் புஸ்தகத்தை ஏன் எடுத்தேள்?"

"தடிமனா இருந்தது, அதனால எடுத்தேன்!"

மாமி நின்று முழு அவைக்கும் கேட்கும்படி, "தடிமனா இருக்கறதும் உடம்புதான்" என்றார். கூட்டம் பத்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது.

கடைசியில் அலமாரிகளுக்கு முன்னால் திரை போடுவது என்று முடிவாயிற்று. பூப்போட்ட பழைய ஜன்னல் திரை ஒன்றை மாமியே கொண்டுவந்து மாட்டினார். அதற்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்பு புத்தகம் பார்ப்பவர்கள் புத்தகம் பார்ப்பவர்களாகத் தெரிந்தார்கள். இப்போது திரைக்குள் தலையை நுழைத்து வேட்டியும் கால்களும் மட்டும் வெளியே தெரிய நின்றவர்களை வாட்ச்மேன் முதல் இஸ்திரிக்காரர் வரை எல்லோரும் காலை வைத்தே அடையாளம் கண்டார்கள்.

மாமிக்கு இதெல்லாம் புரியவில்லை என்று சொல்ல முடியாது. வெட்கம் என்பது மற்றவர்களுக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அறுநூறு புத்தகம் படித்திருந்தார். தனக்கு அது வராததால், மற்றவர்களுடையதை ஜலதோஷம் மாதிரி நினைத்தார். ஒரு நாள் என் மனைவியோடு மாட்டுங்கா கோயிலுக்குப் போயிருக்கிறார். திரும்பி வரும்போது பெண்கள் பெட்டியில் நெரிசல். மாமியின் புடவைக் கொசுவம் மொத்தமாக அவிழ்ந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பையை முன்னால் பிடித்துக்கொண்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பார்கள். மாமி ஒரு கையால் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேல்கம்பியைப் பிடித்து நிமிர்ந்து நின்று, மூன்று மொழியில் அறிவித்தார்: "யார்கிட்டயாவது ஊக்கு இருக்கா? கிஸீகே பாஸ் பின் ஹை? பின் ஆஹே கா?"

எட்டுக் கைகள் எட்டு ஊக்குகளை நீட்டியதாம். ஒரு மராட்டிப் பெண்மணி மண்டியிட்டுக் கொசுவமே மடித்து விட்டாளாம். என் மனைவி மட்டும் மாமியைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறாள். இறங்கியதும் மாமி, "உன் பையில மூணு ஊக்கு இருக்கே, காலம்பற பார்த்தேனே, ஏன் தரலை?" என்று கேட்டாராம். அன்று ராத்திரி என் மனைவி சாப்பிடவில்லை.

டைரி எழுதுகிறவன் என்பதால் என்னை 'டைரிக்காரர்' என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவை மேசைமேல் டைரியை மறந்து வைத்துவிட்டேன். திரும்ப வாங்கப் போனபோது ஒளிக்காமல் சொன்னார்: "படிச்சேன். எத்தனை மணிக்கு எழுந்தேள்னு எல்லா நாளும் இருக்கு. என்னத்துக்கு எழுந்தேள்னு ஒரு நாள்கூட இல்லையே, ஓய்."

என் வெட்கம் என்ன என்று கேட்டபோதெல்லாம் "ஒன்றுமில்லை, பொழுதுபோக்குக்கு" என்றுதான் சொல்லிவந்தேன். என்னைப் போன்றவர்களுக்காகவே 'காரணம் சொல்லாதவர்கள்' என்று ஒரு தட்டு பிறகு வந்தது. அதுதான் நூலகத்தில் அதிகம் புழங்கிய தட்டு.

காரணம் எனக்கு இருந்தது. என் அப்பா திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிழைக்க வந்து தாராவியில் குடியேறியவர். நானும் அண்ணனும் அங்கேதான் வளர்ந்தோம். எங்கள் வீடு இருந்த பகுதிக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்று பெயர், இருப்பது தாராவியில். எனக்குப் பதினேழு வயதானபோது, விலாசத்தில் 'மாட்டுங்கா' என்பதோடு நிறுத்திக்கொண்டால் பொய் சொன்ன மாதிரியும் ஆகாது, உண்மை சொன்ன மாதிரியும் ஆகாது என்று கண்டுபிடித்தேன். கல்லூரி நண்பர்களோடு மாட்டுங்காவில் இறங்கி, கோயில் பக்கம் நாலு எட்டு நடந்து, அவர்கள் மறைந்ததும் பாலம் ஏறி மறுபக்கம் போவேன். பிறகு வேலை, கல்யாணம், செம்பூரில் வீடு. அண்ணன் அங்கேயே இருந்தான். கீழே நாலு மிஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் பட்டறை, மேலே வீடு. யாராவது கேட்டால், "அண்ணன் மாட்டுங்காவில இருக்கார்" என்பேன். அண்ணனும் முன்பின் தெரியாதவர்களிடம் அப்படித்தான் சொல்லுவான். எங்களுக்குள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

ஒரு புதன்கிழமை மாமி கேட்டார்: "உங்க அண்ணா மாட்டுங்காவில எங்கே? நான் அங்கேயே பொறந்தவளாக்கும். ஒவ்வொரு கட்டடமும் தெரியும்."

"ஸ்டேஷன் பக்கம், மாமி."

"ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை எனக்காக ஒரு புத்தகம் எடுத்து வைத்திருந்தார், 'விலாசம்' தட்டிலிருந்து. நண்பர்களை அனுப்பிவிட்டு யாருடைய வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றுவதுபோல் நடிக்கும் ஒருவனைப் பற்றிய நாவல். நாற்பதாம் பக்கத்தில் மூடிவிட்டேன். திருப்பிக் கொடுத்தபோது பின்னட்டைக் கார்டைப் பார்த்தேன். எனக்கு முன்னால் பதினாறு பேர் எடுத்திருந்தார்கள். அதில் ஐந்து பேர் என் மாடிக்காரர்கள்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. அவளும் பையனும் கல்லூரியில் சேர்ந்து படித்தவர்கள். பையனின் அப்பா அணுசக்தி நகரில் இருந்தவர், ஓய்வுபெறப்போகும் என்ஜினீயர். பூர்வீகம் சேலம் பக்கம். எதையும் அளந்து செய்பவர், என்னைப் போலவே சட்டைப் பையில் சிறு நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு அந்த நோட்டுதான் எனக்கு வினையாயிற்று. அண்ணனைப் பற்றி மகள் பையனிடம் முன்பே சொல்லிவிட்டாள். பெரியவர்களிடம் சொல்வது அப்பாவின் வேலை என்று இருவரும் விட்டுவிட்டார்கள். நான் சொல்லவில்லை. அவர்கள் பெண் பார்க்க வந்தபோது அண்ணனை அறிமுகப்படுத்தினேன்: "எங்க அண்ணன். மாட்டுங்காவில இருக்கார்."

"மாட்டுங்காவில எங்கேங்க?" என்று அவர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணன் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன் பக்கம் சார்" என்றான்.

"நல்லதுங்க. எங்க பக்கம் ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் பெண் வீட்டு மூத்தவரை அவர் வீட்டுக்கே போய்த் தாம்பூலம் வெச்சு அழைக்கணும். பத்திரிகை வந்ததும் அடுத்த ஞாயிறு வந்துடறோம்." நோட்டை எடுத்தார். "பின்கோடு?"

எனக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொண்டுவந்தார்கள். "பத்திரிகையில இருக்குமில்லைங்க, அதுல பார்த்துக்கறேன்" என்று நோட்டை மூடினார்.

இருக்கத்தான் வேண்டும். எங்கள் வழக்கத்தில் மூத்தவர் இருக்கும்போது இளையவன் பெயரில் பத்திரிகை அடிக்க முடியாது. அழைப்பவர் பெரியப்பா, முதலில் வருவது அவருடைய விலாசம். நான் பிரஸ்காரருக்கு எழுதிக் கொடுத்ததில் வீட்டு எண், கிராஸ் ரோடு, பிறகு 'மாட்டுங்கா, மும்பை' என்று இருந்தது. அப்படி ஒரு விலாசத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வெற்றிலைத் தட்டோடு மாட்டுங்கா முழுவதும் ஞாயிற்றுக்கிழமை பூராவும் சுற்றலாம். அளந்து செய்கிறவர், நிச்சயம் சுற்றுவார்.

புரூஃப் வந்த புதன்கிழமை காலை அண்ணனுக்கு அதை போனில் வாசித்துக் காட்டினேன். மத்தியானம் அவனே திரும்பக் கூப்பிட்டான்.

"என்னலே, வெறும் மாட்டுங்கான்னா போட்டிருக்க?"

"ஆமாண்ணே."

"ஒங்க அண்ணி கேக்கா, மாட்டுங்காவுல நமக்கு எப்ப வீடு வாங்குனான் ஒங்க தம்பின்னு. சாவிய எப்பக் குடுப்பான்னு கேக்கச் சொல்லுதா."

பின்னால் அண்ணியும் தையல் மிஷினும் சேர்ந்து சிரிப்பது கேட்டது. நானும் சிரித்துவைத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"சவத்த விடு. பிள்ளைக்கு நல்லது நடந்தாச் சரி. ஒண்ணு செய்யலாம்லே. அவரு வார அன்னைக்கு நான் மாட்டுங்கா ஸ்டேஷன்லயே நிக்கேன். வேட்டி சட்டையெல்லாம் நல்லதா உடுத்திக்கிடுதேன். வீட்டுல வெள்ளையடிக்காங்கன்னு சொல்லி அங்கனயே தாம்பூலத்த வாங்கிக்கிடுதேன். என்ன சொல்லுத?"

சரி என்றேனா, வேண்டாம் என்றேனா, நினைவில்லை. "ரயில் வருது, அப்புறம் பேசறேன்" என்றேன். நான் ஆபீசில் இருந்தேன்.

அன்று மாலை புரூஃபை மாமியிடம் கொடுத்தேன். காலனியின் எல்லாத் தமிழ்ப் பத்திரிகைகளையும் மாமிதான் திருத்துவார்; சிவப்பு மசி, இரக்கம் கிடையாது. எழுத்துப் பிழையோடு நிற்கமாட்டார். சி கட்டடத்துக்காரர் மணமகனுக்கு 'மேனேஜர்' என்று போட்டதை அடித்து 'அசிஸ்டன்ட் மேனேஜர்' என்று திருத்தி, பிரஸ்ஸில் அப்படியே அச்சாகி, இரண்டு வீட்டாரும் ஆறு மாதம் பேசவில்லை. இதெல்லாம் தெரிந்துதான் கொடுத்தேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஒரே நினைப்பு. மாமி சிவப்பு மசியில் 'லேபர் கேம்ப், தாராவி' என்று எழுதிவிடுவார். நான் பார்க்காதவன்போல் அப்படியே பிரஸ்ஸுக்கு அனுப்பிவிடலாம். யாராவது கேட்டால் மாமி செய்த வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை 5.40க்கு நான் போனபோது நூலகத்தில் வேறு யாரும் இல்லை. மாமி புரூஃபை நீட்டினார்.

"பதினோரு தப்பு. மணமகனோட அப்பாவுக்கு முன்னால 'திருமதி'ன்னு போட்டிருக்கான். முகூர்த்தம் காலம்பற ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் பத்தரைக்கு முடியறது."

வாங்கிப் பார்த்தேன். எங்கும் சிவப்பு. முதல் விலாசத்தில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

"விலாசம், மாமி?"

"அதுக்கு என்ன?"

"சரியா இருக்கா?"

"நான் அதைத் தொடலை."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். தொடலை" என்றார். பக்கத்தில் இருந்தும் நான் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. மாமி குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அந்த ஒரே ஒரு முறைதான். எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"என் பிள்ளைக்கு மாட்டுங்காவில ஒரு பொண்ணு நிச்சயம் பண்றதா இருந்தது. அப்போ அவனுக்கு வேலை போய் நாலு மாசம். அவாகிட்ட சொல்லலை. 'ரெண்டு வாரத்துல வேற கிடைச்சுடும், அப்புறம் நானே சொல்லிக்கறேம்மா'ன்னான். அவா எல்லாரும் கூடத்துல உட்கார்ந்திருக்கா. நான் பஜ்ஜித் தட்டோட வந்தேன். பொண்ணோட அப்பா, 'ஆபீஸ் எப்படிப் போறது?'ன்னு கேட்டார். 'ஆபீஸ் எங்கே போறது, வேலைதான் போயிடுத்தே'ன்னு சொல்லிட்டு, எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு பஜ்ஜி வெச்சேன். உண்மைதானே, இதுல என்ன வெட்கம்னு. அவன் மூஞ்சியைப் பார்க்கவே இல்லை, ஓய். பஜ்ஜி எல்லாருக்கும் வருமான்னு பார்த்துண்டிருந்தேன்."

நான் புரூஃபை மடித்தேன், பிரித்தேன்.

"கல்யாணம் நின்னுது. அது போகட்டும். இப்போ பெங்களூர்ல இருக்கான். நல்ல வேலை, ஆத்துக்காரி, ஒரு பொண்குழந்தை. எட்டு வருஷமாப் பேசறதில்லை. குழந்தை போட்டோவை அவன் மாமியார் எனக்கு அனுப்பறா. பாவம், அவளுக்கும் பயம், அவனுக்குத் தெரியப்படாதுன்னு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "'பிள்ளைகள்' தட்டுல எழுபத்திரண்டு புஸ்தகம் இருக்கு. எல்லாம் பிள்ளையைப் பத்தி அம்மா வெட்கப்படறது. இது மாதிரி ஒண்ணு இல்லை."

"சி கட்டடத்து மேனேஜர்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அதுக்கப்புறமும் புத்தி வரலையேன்னுதானே கேக்கறேள்? வரலை. கை தானா எழுதிடறது. உங்களோடதுல எழுதறதுக்கும் பேனாவை எடுத்துட்டேன். அப்புறம் மூடி வெச்சுட்டேன். நீங்க சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. நான் சொல்லப்படாது."

நான் தலையாட்டிவிட்டு எழுந்தேன். வாசல்படி இறங்கும்போது பின்னாலிருந்து பழைய குரல் முழு பலத்தோடு வந்தது.

"டைரிக்காரரே! காலம்பற ஒன்பது மணிக்கு மிஷின்ல ஏத்திடுவான்! அப்புறம் அழுதாலும் மாத்த முடியாது, கேட்டேளா!"

வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். எதிர்க் கட்டடத்துக் குஜராத்திக்காரர் ஜன்னலுக்கு வந்து, கீரை நேரம் இல்லையே என்ற குழப்பத்தோடு கீழே பார்த்தார்.

பதினோரு திருத்தங்களையும் ஆறரை மணிக்கு பிரஸ்காரருக்கு அனுப்பினேன். முதல் விலாசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டேன். டைரியை எடுத்து நூலகம் வரை எழுதினேன். பிறகு பேனா ஓடவில்லை. வெள்ளை வேட்டியில், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, ரயில்வே ஸ்டேஷன் வாசலில் போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு அண்ணன் நிற்பது தெரிந்தது. எழுதாமல் மூடிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு. 4.50க்கே எழுந்துவிட்டேன். விளக்கைப் போட்டு, புரூஃபை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பல்கூடத் தேய்க்காமல் பிரஸ்காரரை போனில் எழுப்பினேன்.

"சார், மணி அஞ்சுகூட ஆகலையே."

"முதல் விலாசத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு. எழுதிக்குங்க. மாட்டுங்காவுக்கு அப்புறம், லேபர் கேம்ப், தாராவி."

"தாராவியா சார்? நிச்சயமாவா?"

"நிச்சயமா."

"அந்த வரியில இடமில்லையே சார். எழுத்தைப் பொடிசா ஆக்கிடட்டுமா?"

"பொடிசா வேண்டாம். மத்த விலாசம் எந்த அளவோ அதே அளவு."

"அப்போ எதையாவது எடுத்தாத்தான் சார் ஆகும். எதை எடுக்கட்டும்?"

புரூஃபை விளக்குக்கு அருகில் பிடித்துப் பார்த்தேன். அண்ணன் விலாசத்தை ஒட்டி அதே வரியில் வலப்பக்கம் என் பெயர் இருந்தது.

"என் பேருக்குப் பின்னால எம்.காம்., டி.பி.எம்.னு இருக்கு பாருங்க" என்றேன். "அதை எடுத்துடுங்க."